நான் கொடுக்காத செய்தி

அந்தச் செய்தியைப் பத்திரிகைக்குக் கொடுத்தவள் நான் இல்லை. சில வருடங்களாக இதை யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். இதை எழுத உட்காருவதற்கு முன் அந்தச் செய்தியை எழுதிய நிருபருக்கு ஃபோன் செய்து, எழுதலாமா என்று கேட்டேன். "நான் ஒருவரைக் கேட்க வேண்டும்" என்றார். நான்கு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது: "கேட்டுவிட்டேன், எழுதுங்கள்." யாரைக் கேட்டார் என்று நான் விசாரிக்கவில்லை.

அப்போது நான் பிம்ப்ரியில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தேன். லேப் என்றுதான் சொல்வோம். முன்புறக் கவுண்ட்டர் என் இடம். வருகிறவர்களின் பெயர், வயது, டாக்டர் எழுதிக் கொடுத்த பரிசோதனைகள் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ரத்தக் குழாய்களில் ஒட்டும் சின்ன லேபிள்களை அச்சிட்டு உள்ளே அனுப்ப வேண்டும். மாலையில் ரிப்போர்ட்டுகளை உறையில் போட்டுக் கொடுக்க வேண்டும். ஒன்பது வருடம் அதே நாற்காலி. கட்கியிலிருந்து காலை லோக்கல் ரயிலில் போவேன், இருட்டுவதற்குள் திரும்பிவிடுவேன்.

கட்கியில் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக இருக்கிறது. என் கணவர் அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். வீட்டுக்குள் வட ஆற்காட்டுத் தமிழ். வாசலைத் தாண்டினால் மராட்டியும் ஹிந்தியும். லேப்பில் தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்திதான். ஒன்பது வருடத்தில் அது ஒரு பொருட்டாகத் தெரிந்ததே இல்லை.

மழை தொடங்கியிருந்த ஒரு காலை, மேனேஜர் ஒரு துண்டுத்தாளை என் மேஜையில் வைத்தார். அதில் ஒரு ரசாயனத்தின் பெயர், ஒரு நம்பர், ஒரு தேதி. "இதே மாதிரி முப்பது லேபிள் அடிச்சுக் கொடுங்க" என்றார். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைக்கு அந்த ரசாயனம் வேண்டும். உள்ளே ஃபிரிட்ஜில் இருக்கும் பாட்டில்களுக்குக் கெடு முடியப்போகிறது, புதுச் சரக்கு இன்னும் வந்து சேரவில்லை என்று இரண்டு நாளாகப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். தாளில் இருந்த தேதி அடுத்த வருடத்துத் தேதி. எதற்கு என்று நான் கேட்கவில்லை. டைப் செய்து, முப்பதையும் அச்சிட்டு, கிழித்துக் கொடுத்தேன்.

மறுநாள் ஏதோ காரியமாக உள்ளே போனபோது ஃபிரிட்ஜ் திறந்திருந்தது. பாட்டில்களில் என் லேபிள்கள். அவற்றின் ஓரத்தில் கம்பெனியின் பழைய லேபிள் நீல விளிம்பாக எட்டிப் பார்த்தது. ஒரு நிமிடம் நின்றேன். பிறகு வந்து என் இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகும் இரண்டு முறை துண்டுத்தாள் வந்தது. இரண்டு முறையும் அடித்துக் கொடுத்தேன்.

வீட்டில் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. பயம் என்று சொல்ல முடியாது. அந்த மெஷினும் பாட்டிலும் உள்ளே இருப்பவர்களின் பாடு, என்னுடையது கவுண்ட்டர் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது அவ்வளவு சுலபமாக இருந்தது.

புதுச் சரக்கு வந்து, எல்லாம் பழையபடி ஆகி, சில வாரம் போன பிறகு ஒரு மராட்டிப் பத்திரிகையில் அந்தச் செய்தி வந்தது. கெடு முடிந்த ரசாயனத்தை வைத்துப் பரிசோதனை செய்து ரிப்போர்ட் கொடுத்திருக்கிறார்கள். பழைய தேதிக்கு மேல் புதுத் தேதி ஒட்டியிருக்கிறார்கள். நோயாளிகளின் ரத்தக் குழாய்களுக்கு லேபிள் அடிக்கும் அதே பிரிண்டரில்தான் அதையும் அடித்திருக்கிறார்கள். இப்படி ஒவ்வொன்றாக இருந்தது. "பெயர் சொல்ல விரும்பாத ஊழியர் ஒருவர் நம்மிடம் தெரிவித்தார்" என்று அந்த இரண்டு பத்திச் செய்தியில் மூன்று இடத்தில் வந்தது.

அந்த பிரிண்டர் என் கைக்குப் பக்கத்தில் இருந்தது.

நான் உள்ளே நுழைந்தபோது கவுண்ட்டரில் யாரோ பத்திரிகையை விரித்து வைத்திருந்தார்கள்.  பத்து மணிக்கு மேனேஜர் கூப்பிட்டார். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்துப் போனேன். மிகவும் மெதுவாகப் பேசினார்.

"லேபிள் எங்க அடிச்சதுன்னு எத்தனை பேருக்குத் தெரியும்?" என்று ஹிந்தியில் கேட்டார்.

"எனக்குத் தெரியாது சார்."

"எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும்."

"நான் யார்கிட்டயும் பேசலை சார்."

"ஒன்பது வருஷம் உங்களை வீட்டு ஆள் மாதிரி வச்சிருந்தோம்" என்றார். அவ்வளவுதான். கையைக் கதவுப் பக்கம் காட்டினார்.

அன்று மதியம் சாப்பாட்டு அறைக்கு நான் டப்பாவோடு போனபோது, வழக்கமாக என்னோடு உட்காரும் இரண்டு பெண்களும் சாப்பிட்டு முடித்துவிட்டதாகச் சொல்லி எழுந்தார்கள். அவர்கள் டப்பாவில் சப்பாத்தி பாதிக்கு மேல் இருந்தது. நாலைந்து நாளில், லேப்பின் வாட்ஸ்அப் குழுவில் யாரும் எதுவும் போடாமல் ஓய்ந்துவிட்டது. எனக்குத் தெரியாமல் வேறொரு குழு தொடங்கியிருந்தார்கள். கவுண்ட்டரிலிருந்து என்னை எடுத்து, பழைய கோப்புகள் அடுக்கும் அறையில் போட்டார்கள். அந்த அறையில் ஜன்னல் கிடையாது.

கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், லேபிள் அடித்ததைத் தவிர. அவர் கோபமாகிவிட்டார்.

"நீ பேசலைன்னா, பேசலைன்னு அந்தப் பேப்பர்காரன் சொல்லட்டுமே. அவனுக்கு இன்னா கஷ்டம்?"

"பேப்பர்காரன் இல்லை, பொம்பளை" என்றேன். செய்தியின் மேல் பெயர் இருந்தது.

"யாரா இருந்தா இன்னா? போய்க் கேளு. உன்னாலதான் என் பொழப்பு போவுதுன்னு கேளு."

பத்திரிகை அலுவலகத்துக்கு ஃபோன் செய்து, என் நம்பரைக் கொடுத்தேன். மறுநாளே நிருபர் கூப்பிட்டார். கட்கி ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு டீக்கடையில் சந்தித்தோம். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். தோளில் ஒரு துணிப்பை, நனைந்த ரெயின்கோட்டு. மராட்டியில் பேசினோம். நான் படித்ததெல்லாம் மராட்டிப் பள்ளியில்தான், அதனால் சண்டை போடும் அளவுக்கு அந்த மொழி எனக்கு வரும்.

என் நிலைமையைச் சொன்னேன். முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. எங்க மேனேஜருக்கு ஒரு ஃபோன் போடுங்க. அந்தப் பொம்பளை இல்லைன்னு ஒரு வார்த்தை. யாருன்னு சொல்லவே வேணாம்."

அவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"முடியாது அக்கா" என்றார்.

"ஏன் முடியாது? அது நெஜம்தானே?"

"இன்னைக்கு உங்களை இல்லைன்னு சொல்றேன். நாளைக்கு இன்னொருத்தர் வந்து என்னையும் இல்லைன்னு சொல்லுங்கம்பாங்க. அவங்களுக்கு மட்டும் எப்படி மாட்டேன்னு சொல்றது? இப்படி ஒவ்வொருத்தரா இல்லைன்னு சொல்லிக்கிட்டே போனா, கடைசியில நான் இல்லைன்னு சொல்லாத ஆள் ஒருத்தர்தான் மிச்சம் இருப்பாரு. நான் வாக்குக் கொடுத்திருக்கேன்."

"அப்ப எனக்கு?"

"உங்களுக்கு நான் எதுவும் வாக்குக் கொடுக்கலை. உங்களைத் தெரியவே தெரியாது. அதான் எனக்குக் கஷ்டமா இருக்கு."

எனக்கு வந்த ஆத்திரத்தில், ஒரு ஆளைக் காப்பாற்ற இன்னொரு ஆளைப் பலி கொடுப்பீர்களா என்று கேட்டேன். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு சொன்னார்: "பிரிண்டர் விஷயத்தை நான் எழுதியிருக்கக் கூடாது. அது இல்லாமலே செய்தி நின்னிருக்கும். அந்த ஆளுக்கு ஆபத்து வருமான்னு மட்டும்தான் யோசிச்சேன். வேற யார் மேலயாவது பழி விழும்னு தோணலை. அது என் தப்பு."

கிளம்பும்போது, எனக்கு ஏதாவது தெரிந்திருந்து சொல்ல வேண்டும் என்று தோன்றினால் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்றார். "உங்க பேர் வரக்கூடாதுன்னு சொன்னா வராது" என்றார். நான் சாலையைக் கடந்து வந்துவிட்டேன். அவர் என்னை ஊடுருவிப் பார்த்துவிட்டதுபோல் இருந்தது.

அந்த மாதக் கடைசியில் லேப்பில் என்னை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். காரணம் என்று எழுத்தில் எதுவும் இல்லை. ஆள் குறைக்கிறார்கள் என்றார்கள். குறைத்தது என் ஒருத்தியைத்தான்.

இதற்குள் பேச்சு லேப்பைத் தாண்டி வெளியே வந்திருந்தது. கட்கியில் தமிழ்க் குடும்பங்களுக்குள் ஒரு விஷயம் பரவ ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கோவில் போதும். "பேப்பருக்குத் துணிஞ்சு சொன்னவங்க" என்று என்னைச் சிலர் ஒருமாதிரி மரியாதையோடு பார்த்தார்கள். சிலர் தங்கள் வீட்டு விஷயம் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். இரண்டையும் எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வேலை போய்ப் பத்து நாள் இருக்கும். ஒரு மாலை, கோர்படி ரயில்வே காலனியிலிருந்து ஒருவர் வந்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதர், ரயில்வேயில் வேலை, மதுரைப் பக்கம். யாரோ என் வீட்டைச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். உள்ளே வந்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு உடம்பு கூசியது.

"நீங்க மட்டும் சொல்லலைன்னா எங்களுக்கு எங்கிட்டும்மா தெரியப் போகுது?" என்றார்.

அவர் மனைவிக்குச் சர்க்கரை. டாக்டர் சொன்னபடி மூன்று மாதத்துக்கு ஒரு முறை எங்கள் லேப்பில்தான் ரத்தம் கொடுத்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் எடுத்த ரிப்போர்ட்டில் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று வந்திருக்கிறது. இப்போது வேறு இடத்தில் பார்த்தால் நிறையக் கெட்டுப்போயிருக்கிறது என்கிறார்கள். அவர் பிளாஸ்டிக் ஃபைலைத் திறந்து, ரிப்போர்ட்டுகளை என் முன்னால் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றும் நான் உறையில் போட்டது. ஒரு உறையின் மேல் அவர் மனைவியின் பெயர் என் கையெழுத்தில் இருந்தது.

"இதுல எது நெஜம், எது பொய்னு மட்டும் சொல்லுங்கம்மா. டாக்டர் கேக்குறாரு. எங்களுக்குத் தெரியல."

கணவர் வாசல் பக்கம் நின்றுகொண்டிருந்தார். நான் ரிப்போர்ட்டுகளை எடுத்துத் தேதிகளைப் பார்த்தேன். மழைக்காலத்து ரிப்போர்ட், லேபிள் அடித்து மூன்றாவது வாரத்தில் எடுத்தது. மற்றவை அதற்கு முந்தியவை.

"இதை மட்டும் நம்ப முடியாதுங்க" என்று அதைத் தனியே வைத்தேன். "மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கும்."

"அம்புட்டு உறுதியா எப்படிம்மா சொல்றீங்க?"

"அந்தத் தேதி போட்ட லேபிளை நான்தான் அடிச்சேன். எதுக்குன்னு தெரிஞ்சுதான் அடிச்சேன்."

அவர் என்னையே பார்த்தார். புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "அப்ப... நீங்களே அடிச்சுட்டு, நீங்களே போய்ச் சொன்னீங்களா?"

இல்லை, சொன்னது நான் இல்லை என்று நாக்கு வரை வந்தது. ஒவ்வொருவராக இல்லை என்று சொல்லிக்கொண்டே போனால் கடைசியில் ஒருவர்தான் மிச்சம் இருப்பார் என்று டீக்கடையில் அந்த நிருபர் சொன்னது நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன். அந்த மௌனத்தில் எனக்குச் சேராத ஒரு நல்ல பெயர் என் மேலேயே தங்கியது. அதைத் தட்டிவிடவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் கூச்சமாக இருந்தது.

அவர் ரிப்போர்ட்டுகளை அடுக்கி ஃபைலில் வைத்தார். நான் கொண்டுவந்து வைத்த தண்ணீரைத் தொடவில்லை. போகும்போது கும்பிடவும் இல்லை.

அவர் போன பிறகு கணவர் உள்ளே வந்தார்.

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"வெட்கமா இருந்துது."

கதவைச் சாத்திவிட்டு என் எதிரே உட்கார்ந்தார். பிறகு, "விசாரணைக்கு ஆள் வந்துகீறாங்களாம், லேப்ல. சொல்றதா இருந்தா அங்க சொல்லு. பேர் போட்டுச் சொல்லு. எங்கிட்ட மறைச்சாப்ல இன்னொரு தபா வேணாம்" என்றார்.

செய்தி வந்த பிறகு சுகாதாரத் துறையிலிருந்து இரண்டு அதிகாரிகள் விசாரித்துக்கொண்டிருந்தது உண்மைதான். ஆனால் லேப்பில் ஒரு பழைய பாட்டில்கூட மிச்சம் இல்லை. பெயர் தெரியாத ஒருவர் பத்திரிகைக்குச் சொன்னதை வைத்து மேற்கொண்டு நகர முடியாமல் இருந்தார்கள். நான் போய் நடந்ததைச் சொன்னேன். துண்டுத்தாள் வந்த நாட்கள், எத்தனை லேபிள், என்ன தேதி, யார் கேட்டது. பிரிண்டரின் கம்ப்யூட்டரில் அச்சிட்டதற்கான பதிவு எங்கே இருக்கும் என்பதையும் சொன்னேன். எழுதிக்கொண்டு, படித்துக் காட்டி, கையெழுத்துக் கேட்டார்கள். அதிகாரிகளில் மூத்தவர், "உங்க மேலயும் நடவடிக்கை வரலாம், தெரியுமில்லையா?" என்று கேட்டார். தெரியும் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் நானே நிருபரைக் கூப்பிட்டேன். வாக்குமூலம் கொடுத்ததைச் சொன்னேன்.

"பேர் போடலாமா?"

"போடுங்க."

"நல்லா யோசிச்சுட்டீங்களா? போட்டா எடுக்க முடியாது."

"இத்தனை நாள் பேர் போடாமலே என் பேர்தானே ஊரெல்லாம் இருக்கு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

இரண்டாவது செய்தி வந்தபோது கவனமாகப் படித்தேன். நான் சொன்னதெல்லாம் என் பெயரோடு இருந்தது. முதலில் சொன்ன ஊழியரைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. அவரும் நானும் ஒருவர்தான் என்றும் எழுதவில்லை, வேறு வேறு என்றும் எழுதவில்லை. படிக்கிறவர்கள் ஒருவர் என்றுதான் நினைப்பார்கள். நிருபர் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் போட்டிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. இந்த முறை அதில் எனக்கு வருத்தம் இல்லை. தேடுகிறவர்களுக்கு ஆள் கிடைத்துவிட்டது. இனி வேறு யாரையும் தேட மாட்டார்கள்.

லேப்பைச் சில மாதம் மூடி வைத்தார்கள். பிறகு வேறு கைக்கு மாறி, வேறு பெயரில் திறந்தது. மேனேஜர் ஊரை விட்டுப் போய்விட்டதாகச் சொன்னார்கள். என்னை ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். வேலை கிடைக்கத்தான் ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. விண்ணப்பம் கொடுத்த இடங்களில் என் பெயரைப் பார்த்ததும் முகம் மாறும். இப்போது கட்கியிலேயே ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் இருக்கிறேன்.

வேலை தேடிக்கொண்டிருந்த அந்த இடைக்காலத்தில் ஒரு நாள் பிம்ப்ரி மெட்ரோ ஸ்டேஷனில், லேப்பில் வேலை பார்த்த ஒருவர் என்னைப் பார்த்து நின்றார். அவர் ஆணா பெண்ணா, என்ன வேலையில் இருந்தார் என்பதை எழுதப்போவதில்லை. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். ரயில் வந்து போயிற்று, அவர் ஏறவில்லை.

"உங்ககிட்ட ரொம்ப நாளா ஒண்ணு சொல்லணும்னு..." என்று தொடங்கினார். கண் கலங்கியிருந்தது.

"சொல்லாதீங்க" என்றேன்.

"இல்லை, உங்களுக்குத் தெரியணும்."

"எனக்குத் தெரிஞ்சா நாளைக்கு யாராவது கேட்கும்போது நான் பொய் சொல்லணும். இப்ப தெரியாதுன்னு சொன்னா அது நெஜம். அப்படியே இருக்கட்டும்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அவர் சொல்ல வந்தது நான் நினைத்ததுதானா, அல்லது அன்று மதியம் சாப்பிட்டு முடித்துவிட்டதாகச் சொல்லி எழுந்து போனதுபோல ஏதோ ஒன்றுக்கான மன்னிப்பா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

கோர்படிக்காரர் அதன்பின் வரவில்லை. அவர் மனைவிக்கு வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ் நடக்கிறது என்று கோவிலில் கேள்விப்பட்டேன். போக வேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டு, கடைசியில் ஒரு சனிக்கிழமை பகலில் போனேன். காலனியில் வரிசையாக ஒரே மாதிரி வீடுகள். கதவைத் திறந்தவர் அந்த அம்மாவேதான். வீட்டுக்காரர் டியூட்டிக்குப் போயிருந்தார். மெலிந்த உடம்பு, கையில் ஊசி போட்ட இடம் வீங்கியிருந்தது.

"யாரும்மா?"

என் பெயரைச் சொன்னேன்.

"ஓ, பேப்பர்ல சொன்னது நீங்கதானா?"

"லேபிள் அடிச்சது நான்தாங்க" என்றேன். வழியெல்லாம் யோசித்துவிட்டுப் போன பதில் அது ஒன்றுதான்.

"அவர் சொன்னாரு" என்றார் அந்த அம்மா. கதவைப் பிடித்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "முன்னாடியே சரியாத் தெரிஞ்சிருந்தா இம்புட்டுத் தூரம் வந்திருக்காதான்னு டாக்டர்கிட்ட கேட்டேன். சொல்ல முடியாதுன்னுட்டாரு. வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாமாம்."

நான் படிக்குக் கீழேயே நின்றேன். 

"உங்க மேல எனக்குக் கோவம் இருக்கு" என்றார், சாதாரணக் குரலில். "ஆனா வெயில்ல நிக்காதீங்க. உள்ள வாங்க."

உள்ளே போனேன். ஒரு மணி நேரம் இருந்தேன். மகள் பெங்களூரில் இருப்பதையும், தண்ணீரை அளந்து குடிக்க வேண்டியிருப்பதையும் சொன்னார். பிறகு அந்த வாரத்து ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து கொடுத்து, இங்கிலீஷில் இருக்கிறது, படித்துச் சொல்லுங்கள் என்றார். ஒவ்வொரு வரியாக, எண்ணையும் அதற்குப் பக்கத்தில் இருந்த அளவையும், எதையும் குறைக்காமல் தமிழில் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.